ஐஸ் பேரேட்டின் பின்பக்கம்

முன்பக்கம்: எந்தப் படகு, எத்தனை பார், எவ்வளவு பாக்கி.
பின்பக்கம்: கோப்பை யாருக்கு.
தடைக்காலத்துக்கு நாலு நாள் இருக்கும்போது
இந்த வருஷமும் பேரேட்டைக் கவிழ்த்துவிட்டேன்.

விசைப்படகுகள் நங்கூரம் போட்டதும்
மண்டபம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும்.
அறுபத்தோரு நாள், எட்டு அணி.
ஐஸ் பிளாண்டில் மோட்டார் சத்தம் நின்று
விசில் சத்தம் கேட்கும்.

தங்கச்சிமடம்.
போன வருஷக் கோப்பை இன்னும் அவர்களிடம்தான்.
டெல்வினுக்கு இரண்டு காலும் வலது கால்.
எழுதி முடித்திருப்பேன்,
கோல்கீப்பர் ரெக்சன் யாழ்ப்பாணச் சிறையில் இல்லாவிட்டால்.
பதினேழாம் தேதி வாய்தா.
இருபதாம் தேதி முதல் ஆட்டம்.
தம்பியை நிறுத்துவார்களாம்.
கை நீளம் பையனுக்கு. பயமும் நீளம்.

கீழக்கரைக்குத் துபாயிலிருந்து இரண்டு பேர்
லீவு போட்டு வருகிறார்கள் என்று பேச்சு.
வருஷா வருஷம் இந்தப் பேச்சு மட்டும் தவறாமல் வந்து சேரும்.
வந்தாலும்,
பூட்ஸ் புதுசு, மூச்சு பழசு.
நாற்பதாவது நிமிஷத்தில் முஸம்மில்
இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்ப்பான்.

பெரியபட்டினம் கோல் வாங்காது. போடவும் போடாது.
சமன், சமன், அப்புறம் பெனால்டி.
பெனால்டியைக் கணிக்கிறவன்
கடலில் நண்டு எந்தப் பக்கம் ஓடும் என்றும் சொல்லலாம்.

வாலிநோக்கத்து உப்பளப் பையன்களைப் பிடிக்கும் எனக்கு.
பாத்தியில் மிதித்த கால், மணலில் சறுக்காது.
போன அரையிறுதிக்கு ஏழு பேராக வந்து நின்றார்கள்.
மீதி நாலு பேருக்கு பஸ் காசு இல்லை.
ஏழு பேர் எண்பது நிமிஷம் ஆடித் தோற்றதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பாம்பனை யாரும் சேர்ப்பதில்லை.
என் பேரேடு சேர்க்கிறது.
மாசி முழுக்க அவர்கள் ஐஸ் எடுத்தது பாதிக்கும் கீழே.
மீன் இல்லை.
மீன் இல்லாத ஊரில் பையன்கள்
மூன்று மணிக்கே பந்தோடு நிற்பார்கள்.
வைகாசியில் கச்சான் எழும்பும்போது
பந்து எங்கே வளையும் என்று
அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மண்டபம்.
(எங்கள் ஊர். காலியாக விடுகிறேன்.)

ஐஸ் உடைக்கிற சேதுக்கரசு
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான்.
"ஒன்பது வருஷம். ஒண்ணாவது பலிச்சுதா?"
பலிக்கவில்லை.
ஆனால் நான் சொன்ன அணி
ஆறு தடவை இரண்டாவதாக வந்தது. அதை யார் எண்ணுகிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் எண்ணுவார்களாம்.
பெர்த் துறைமுகத்தில் பெயின்ட் அடிக்கிற மச்சான்
நேற்று வீடியோ அனுப்பினான்.
முட்டை மாதிரி பந்து, ஒரு பக்கம் பதினெட்டுப் பேர்,
வலை இல்லை, வரிசையாக நாலு கம்பம்.
நடுவில் உதைத்தால் ஆறு புள்ளி.
கொஞ்சம் விலகி ஓரத்துக் கம்பத்துக்குள் போனாலும்
ஒரு புள்ளி உண்டு.
தவறினதற்கும் கூலி!
அந்தக் கணக்கில்
என் ஆறு தவறும் சேர்ந்து ஒரு முழு கோல்.
அங்கேயும் இப்போது சீசனுக்கு முன்னால்
எவனோ ஒருத்தன் பேரேட்டைக் கவிழ்த்திருப்பான்.

சேதுக்கரசு நம்பவில்லை.
"அப்ப எவன்தான் தோப்பான் அங்க?"

முதலாளி வந்ததால் முன்பக்கம் திருப்பினேன்.
பங்குனி நாலு. ரெக்சன் போன படகு. பதினெட்டு பார், பாக்கி.
"அடிச்சிரு, அந்தப் படகு வராது" என்றார்.
சரி என்று தலையாட்டினேன்.
ஈரக் கையால் தாளைத் தொட்டதில்
அந்தப் பதினெட்டு ஊறிப்
பின்பக்கம் தங்கச்சிமடத்துக்கு நேரே
நீலமாகத் தெரிகிறது.

பேனாவில் எழுதியிருக்கிறேன்: பாம்பன்.
பென்சிலில், சின்னதாக:
பதினேழுக்கு அப்புறம் பார்ப்போம்.